நெல்லில் நொதி இல்லையாம்: ஆய்வகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

உவர் தாங்கும் நெல்லைச் சோதிக்கும் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தொண்டி, திருப்பாலைக்குடி பக்கத்து மானாவாரி வயல் இலைகளுக்கு நீங்கள் கொடுத்த அறிக்கை வந்து சேர்ந்தது. உவரால் இலையில் சேரும் ஹைட்ரஜன் பெராக்சைடை அழிக்கும் நொதிகளில் கேட்டலேஸ் நன்றாக இருக்கிறதாம், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் மட்டும் ‘இல்லை’யாம். ஆகவே நாட்டு ரகம் உவர் தாங்காது என்று முடித்துவிட்டீர்கள்.

ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போனதிலேயே எங்கே தப்பு நடந்தது என்று தெரிகிறது. கேட்டலேஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒன்றே போதும். மற்றதற்கு அஸ்கார்பேட்டும் (வைட்டமின் சி) வேண்டும். பெராக்சைடு அதன் ஹீமை (நொதிக்குள் இரும்பு தாங்கிய பகுதியை) ஆக்ஸிஜனேற்றியதும், அஸ்கார்பேட் எலக்ட்ரான் கொடுத்தால்தான் நொதி பழைய நிலைக்குத் திரும்பும். கொடுக்க ஆளில்லையென்றால் அடுத்து வரும் பெராக்சைடு ஹீமையே சிதைத்துவிடும். பசுங்கணிகத்தில் உள்ள வகை ஒரு நிமிடம்கூடத் தாங்காது. நீங்களோ வெறும் பாஸ்பேட் கரைசலில் அரைத்திருக்கிறீர்கள். மீனைக் கரையில் போட்டுவிட்டு அதற்கு நீந்தத் தெரியாது என்று எழுதுவதைப் போன்றது இது.

ஆகவே கேட்பது இதுதான்: அரைக்கும் கரைசலில் அஸ்கார்பேட் சேருங்கள். 50 மில்லிமோலார் பாஸ்பேட், பி.எச். 7, அஸ்கார்பேட் 1 மில்லிமோலாராவது இருக்கட்டும். நொதியைக் கெடுக்கும் இலைப் பீனால்களைப் பிடித்துவைக்க பி.வி.பி.யும் (பாலிவினைல்பைரோலிடோன்) வேண்டும். அளக்கும்போது அஸ்கார்பேட் 0.5, பெராக்சைடு 0.1 மில்லிமோலார், அஸ்கார்பேட் செலவாகச் செலவாக 290 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறைவதைப் பாருங்கள். பெராக்சைடு சேர்க்காத குழாயிலும் குறைந்தால் அதைக் கழித்துவிடுங்கள்.

அஸ்கார்பேட்டுக்குப் பதில் குயாகால் என்ற பீனால் சேர்மத்தைக் கொண்டு எடுத்த அளவையே ஈடாகக் கொள்ளலாம் என்று உங்கள் அறிக்கையில் அடிக்குறிப்பு வேறு. கொள்ள முடியாது. அஸ்கார்பேட் உட்காரும் இடம் ஹீமின் ஓர் ஓரம், நொதிப் புரதச் சங்கிலியில் 172ஆம் அமினோ அமிலமான ஆர்ஜினினுக்குப் பக்கத்தில். குயாகால் வேறோர் ஓரத்தில் வினைபுரிகிறது. பட்டாணி நொதியில் அந்த ஆர்ஜினினை மாற்றினால் அஸ்கார்பேட் வினை நின்றுபோகும், குயாகால் வினை நடந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, செல்சுவரில் உள்ள வேறு பெராக்சிடேஸ்களும் குயாகாலுக்குக் கை கொடுக்கும்.

உச்சி வெயிலில் பாலித்தீன் பையில் இலை போனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கரையில் நெத்திலிக்குக்கூட ஐஸ் கிடைக்கிறது. மாதிரி இலைக்குத்தான் கிடைக்கவில்லை! கோபத்தைப் பொறுத்தருள்க. பறித்த உடனே திரவ நைட்ரஜனில் போட்டு, அரைக்கும்வரை உருகாமல் வைத்திருக்க வேண்டும்.

அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்று, அஸ்கார்பேட் சேர்த்த கரைசலில் புதிய இலைகளை மறுபடி அளந்து தாருங்கள். விதைநெல் ஒதுக்கீடு முடிவாவதற்குள் தந்தால் உதவியாக இருக்கும்.