பிரேக்கர் விழுந்தால் பெரியதை மாட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் புதிதாக ஏசி பூட்டியதும் பிரேக்கர் (லைனில் மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழத் தொடங்கும். உடனே 16 அம்பியரைக் கழற்றி 32ஐ மாட்டச் சொல்கிறார்கள். கேட்டபடி மாட்டிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது.

பிரேக்கர் இருப்பது சுவருக்குள் ஓடும் வயரைக் காக்க. அதன் அளவை வயர்தான் தீர்மானிக்கும். 1 சதுர மி.மீ. லைட் லைனுக்கு 6 அல்லது 10 அம்பியர். கடையில் 7/.67 என்று கேட்டு வாங்கும் 2.5 சதுர மி.மீ. வயருக்கு 16 அல்லது 20. 4க்கு 25, 6க்கு 32. பழைய வீடுகளில் இன்னும் கிடக்கும் 3/.029 வயர் 1.3 சதுர மி.மீ. கூட வராது. அதன் தலையில் 32ஐ வைத்தால், 46 அம்பியர் ஓடினாலும் பிரேக்கர் விழ ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குள் வயரின் உறை உருகிவிடும்.

ஏன் விழுகிறது என்று முதலில் பாருங்கள். வோட்ஸை 230ஆல் வகுத்தால் அம்பியர் வரும். 12,000 பிடியூ ஏசி ஓடும்போது ஏறக்குறைய 5 அம்பியர்தான் எடுக்கும். அதே லைனில் 2,000 வோட்ஸ் கேத்தல் 9, அயன் 4, ரைஸ் குக்கர் 3 சேர்ந்தால் 21. கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு 16 விழலாம். கேத்தலை வேறு லைனுக்கு மாற்றினால் தீர்ந்தது. ஏசி ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் மட்டும் விழுந்தால், மோட்டரின் தொடக்க இழுப்பு காரணமாக இருக்கலாம்; எர்த் சரியா என்று சோதித்துவிட்டு B16க்குப் பதில், அதே 16 அம்பியரில் தொடக்க இழுப்பைக் கூடுதலாகத் தாங்கும் C16 வகை போடலாம். அம்பியரைக் கூட்டத் தேவையில்லை.

சுடுநீர் ஷவருக்குத் தனி லைன் கட்டாயம்: 3,500 வோட்ஸுக்கு 2.5 வயரும் 20 அம்பியரும், 4,500க்கு 4 வயரும் 25 அம்பியரும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது 30 மில்லி அம்பியர் மின்கசிவுக்கு விழுவது. லோட் கூடினால் அசையாது. அதில் எழுதியிருக்கும் 40 அல்லது 63 அது தாங்கும் அளவு மட்டுமே.

கடற்காற்று படும் வீடுகளில் இன்னொன்று: திருகு தளர்ந்து, செம்பு பச்சை பூத்த இணைப்பு குறைந்த லோடிலேயே சூடேறும். எந்தப் பிரேக்கருக்கும் அது தெரியாது. பிரேக்கரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், மெயினை அணைத்து, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு பிரேக்கரை அதே அளவில் மாற்றி, கருகிய வயர் நுனியை வெட்டிப் புதிதாக இறுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மின்னிணைப்பாளர்கள் சிலர்,
கொழும்பு 06