புறநகரில் வீடு தேடுவோர் முதலில் நடந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் மதுரையில் வீடு மாறும் பருவம் தொடங்கிவிடுகிறது. மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் குடியிருப்புகள் கிடங்குகளாகவும் விடுதிகளாகவும் மாறி வருவதால், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் புறநகரைத் தேடிப் போகின்றன. போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: சென்ட் என்ன விலை, கார் நிறுத்த இடம் உண்டா, பெரியார் பேருந்து நிலையம் எத்தனை கிலோமீட்டர். மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்த வீட்டிலும், பத்து வயதுப் பிள்ளை ஒரு நோட்டு வாங்க அப்பாவின் பைக்குக்காக மாலை வரை காத்திருக்க வேண்டி வரலாம். சாயங்காலம் தானாகக் கோயிலுக்குப் போய்வந்த பாட்டி வீட்டோடு முடங்கிப்போகலாம். நகருக்குள் எல்லாமே பத்துப் பதினைந்து நிமிட நடையில் இருப்பதால், அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு என்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே முதல் சோதனையாக நடையை வையுங்கள். பள்ளி நாளில் காலை எட்டு மணிக்கு ஒரு முறை, இருட்டிய பின் ஏழு மணிக்கு ஒரு முறை, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்புங்கள். பெரியவர்கள் ஐந்து நிமிடத்தில் 400 மீட்டர் நடப்பார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அதே தூரம் எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். அந்த எல்லைக்குள் பால், மளிகை, மருந்துக் கடை, டவுன் பஸ் நிறுத்தம் நான்கும் இருந்தால் நல்ல இடம். ஒன்று குறைந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் குறைவது பஸ் நிறுத்தமாக இருக்கக் கூடாது. நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர். நம் புறநகர்த் தெருக்களில் அதைத் தேடிப் பயனில்லை. அதனால் தெருவில் ஓடும் வண்டிகளைக் கவனியுங்கள். அந்தத் தெருக்காரர்களின் வண்டி மட்டும் வந்துபோகும் முப்பதடித் தெருவில் பிள்ளைகள் சைக்கிள் பழகலாம். சிக்னலைத் தவிர்க்க ஊர் வண்டியெல்லாம் புகுந்து போகும் தெரு நாற்பதடி அகலமானாலும் ஆபத்துதான்.

வீடு ஒரு பக்கமும் பள்ளியும் கடையும் மறு பக்கமுமாக நடுவில் ரிங் ரோடு ஓடினால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது. காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். நான்கு வழிச் சாலையின் ஒரு பாதியை, ஓரத்தையும் சேர்த்து, கடக்கக் குழந்தைக்கு ஏறக்குறைய 9 விநாடி வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி அதற்குள் 200 மீட்டர் ஓடிவிடும். வளைவோ, நிறுத்தி வைத்த வண்டியோ அந்த 200 மீட்டர் பார்வையை மறைத்தால், எவ்வளவு கவனமான பிள்ளையானாலும் தப்புக்கணக்குப் போட்டுவிடும்.

நத்தம் சாலைப் பக்கம் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். 2023இல் திறந்த 7.3 கி.மீ. மேம்பாலத்தில் ஏறிவிடும் பேருந்து இடையிலுள்ள நிறுத்தங்களில் நிற்காது. உங்கள் நிறுத்தத்துக்குக் கீழ்ச்சாலை வழியாக எந்தத் தடம் வருகிறது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்திலேயே நின்று கேளுங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் பெண்கள் உள்ள வீட்டுக்கு இது மாதச் செலவையே மாற்றும். பஸ் இல்லாவிட்டால் இரண்டாவது வண்டி வாங்க வேண்டும். ஒருவர் 12 கி.மீ. தொலைவு போய்வர மாதம் 25 நாளில் 600 கி.மீ.; லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 13 லிட்டருக்கு மேல் பெட்ரோல். வாடகையில் மிச்சமாகும் என்று நினைத்த தொகையில் இதைக் கழித்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் அதிகக் குடும்பங்கள் ஏமாந்து நிற்கின்றன. மதுரையின் புறநகர் பெரும்பாலும் கண்மாய்களும் அவற்றின் நீர் பாய்ந்த ஆயக்கட்டு வயல்களுமாக இருந்த நிலம். வண்டியூர், மாடக்குளம், தென்கால், ஆனையூர், செல்லூர் என்று எந்தத் திசையில் போனாலும் ஒரு கண்மாய் வரும். ஒரு கண்மாய் நிறைந்தால் உபரி நீர் வழியும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். அந்த ஓடையைச் சுருக்கி மனை போட்டிருந்தால் தண்ணீர் தெரு வழியாகத்தான் போகும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம்.

சித்திரை, வைகாசியில் வீடு பார்ப்பவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது. அதற்குச் சில வழிகள் உண்டு. சுற்றுச்சுவரின் அடிப்பகுதியில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கறையைத் தேடுங்கள். தெருவிலுள்ள பழைய வீடுகளின் வாசற்படி சாலைக்குக் கீழே இறங்கியிருந்தால், மேலுக்கு மேல் ரோடு போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். மழைநீர் வீட்டுக்குள் திரும்பும். நீங்கள் பார்க்கும் வீட்டின் தரைமட்டம் சாலையைவிட இரண்டடியாவது உயரமாக இருக்கட்டும். தரகரைக் கேட்பதைவிடப் பால் ஊற்றுபவரையும் இஸ்திரி போடுபவரையும் கேளுங்கள். ஐப்பசியில் எந்த மூலையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சர்வே எண்ணை வாங்கி, அரசின் நில ஆவணத் தளத்தில் புல வரைபடத்தைப் பார்த்தால் மனையை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ இருப்பது தெரிந்துவிடும். பிறகு கண்மாய்க் கரை மீது ஏறி நின்று, கலுங்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நேரிலும் பார்த்துவிடுங்கள்.

கோடைக்கு ஒரு நன்மை உண்டு: போர்த் தண்ணீரின் உண்மை அப்போதுதான் தெரியும். மோட்டாரை அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுத் தண்ணீர் நூலாகிறதா என்று பாருங்கள். டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை தரநிர்ணயம் அனுமதிக்கிறது. ஆனால் டி.டி.எஸ். அளக்கும் மீட்டர் புளோரைடையும் கிருமியையும் காட்டாது. சிறு குழந்தை உள்ள வீடானால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை வராத தெருவில் இது கட்டாயம். செப்டிக் டேங்க் நீரை உறிஞ்சவிடும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், அதாவது அறுபதடி, இடைவெளி வேண்டும். முப்பதுக்கு நாற்பதடி மனைகள் வரிசையாக உள்ள தெருவில் அப்படி விட வழியே இல்லை. உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போருக்கு அருகில்தான் இருக்கும். அங்கே போர்த் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வைத்துக்கொள்ளாதீர்கள். லாரித் தண்ணீரை நம்ப வேண்டிய தெருவானால், நான்கு பேருக்கு நாளைக்கு 540 லிட்டர் என்ற கணக்கில் 12,000 லிட்டர் லாரி 22 நாள் வரும். அந்த லாரி உள்ளே திரும்பத் தெருவில் இடமிருக்கிறதா, உங்கள் தொட்டி அவ்வளவையும் கொள்ளுமா என்பதும் கேள்விதான்.

2011இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர், திருநகர், விளாங்குடி எல்லாம் உள்ளே வந்தன. எல்லைக்கு வெளியே ஊராட்சியில் உள்ள மனைக்கு வரி குறைவு, ஆனால் பாதாளச் சாக்கடையை எதிர்பார்க்க முடியாது. லேஅவுட் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருந்தால் அந்த இடத்தில் போய் நில்லுங்கள். பூங்காவும் தெருவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படாமல் இருந்தால் விளக்கும் வராது, தார்ச்சாலையும் வராது. மனை போட்டவர் விற்றுவிட்டுப் போய்விட்டால் குடியிருப்போர்தான் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்துக்குத் தனியார் பள்ளியில் விண்ணப்பிக்க நினைப்பவர்கள், பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். முதலில் பள்ளி, பிறகு தெரு, கடைசியாக வீடு என்ற வரிசையில் தேடுவது நல்லது.

எந்தப் பகுதி என்று கேட்டால் என் கருத்து இதுதான். திருநகர், கே.கே. நகர், அண்ணா நகர், எல்லீஸ் நகர் போன்றவை ஆரம்பத்திலேயே தெருவும் பொது இடமும் ஒதுக்கித் திட்டமிட்டவை. திருப்பரங்குன்றம் தனக்கென்று கோயிலும் கடைத்தெருவும் ரயில் நிலையமும் கொண்ட பழைய ஊர். நடந்து பழகிய குடும்பத்துக்கு இவையே ஒத்துவரும். ரிங் ரோட்டுக்கு அப்பால் 1,500 சதுர அடி வீடு கிடைக்கும் பணத்துக்கு இங்கே 900தான் கிடைக்கும்; பிள்ளைகள் பள்ளி முடிக்கும் வரை அந்த 900 போதும் என்றே சொல்வேன். மெட்ரோ வரப்போகிறது, எய்ம்ஸ் பக்கம் என்ற விளம்பரங்களுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இன்று அந்தத் தெருவில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் கொடுங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தாலும் முதலில் அதே தெருவில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போங்கள். வைகாசியில் குடியேறினால் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மழையை முழுதாகப் பார்த்துவிட்டு, பங்குனியில் போர் வற்றுவதையும் பார்த்துவிடலாம்.

மாநகராட்சிக்கும் ஒரு கோரிக்கை. எந்த வார்டில் எந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறது, குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்த லேஅவுட்டின் தெருவும் பூங்காவும் ஒப்படைக்கப்பட்டுள்ளன என்பதைத் தெருவாரியாக இணையத்திலும் வார்டு அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். மழைக்குமுன் மறுகால் ஓடைகளைத் தூர்வாரும்போது, அவற்றின் எல்லையில் கல்லும் நட வேண்டும். ரிங் ரோட்டில் இருபுறமும் குடியிருப்பு வந்துவிட்ட இடங்களில், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குள் சிக்னலும் வேகத்தடுப்பும் அமைக்க நெடுஞ்சாலைத் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
மதுரை – 1