மூணு பெட்டி போதுமா?

முருகேசா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது, கார் அறுப்பு முடிந்து நெல்லை ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் உட்கார முடிந்தது. அம்பையில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை.

உங்கள் சென்னையில் போரூர் தடத்து மெட்ரோ ரயிலுக்கு டிரைவரே கிடையாது என்று எழுதியிருந்தாய். டீக்கடையில் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. எனக்கு அதில் பயமில்லை லே. 2015-ல் கோயம்பேடு–ஆலந்தூர் ஓட ஆரம்பித்த வண்டிகளிலேயே வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, சரியான இடத்தில் நிறுத்துவது எல்லாம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைதான். பஸ் டெப்போவில் காலமெல்லாம் பிரேக் லைனிங் மாற்றினவன் நான், என்னை அசத்துவது அந்த வண்டியின் பிரேக்தான். வேகம் குறைகிறபோது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மேலே போகிற 25,000 வோல்ட் கம்பிக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. பிரேக் கட்டை தேய்வது குறைகிறது, கரண்டும் மிச்சம். நாங்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சூடாக்கி வீணடித்ததை அங்கே அறுவடை செய்கிறார்கள்!

உதிரிப் பாகம் பக்கத்தில் கிடைப்பதும் பெரிய விஷயம். முதல் வண்டிகள் பிரேசிலில் செய்து கப்பலில் வந்தவை. 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்த முதல் டிரைவரில்லா வண்டி ஆந்திரா ஸ்ரீசிட்டியில் செய்தது. அடுத்த மாதமே ரயில் பெட்டி செய்கிற பெங்களூரு பி.இ.எம்.எல். கம்பெனிக்கு 70 வண்டிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இது நல்ல காரியம்.

ஆனால் 118.9 கிலோமீட்டர் புதுத் தடம் போட்டுவிட்டு வண்டிக்கு மூன்றே பெட்டி என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அடிக்கடி வண்டி விட்டால் போதும் என்பார்கள், சரி, ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஆலந்தூரில் நிற்கிற கூட்டம் உனக்கே தெரியும். பழைய தடத்து ஸ்டேஷன்களை ஆறு பெட்டி நிற்கிற மாதிரி கட்டிவைத்துவிட்டு, நான்கு பெட்டியைத்தானே இத்தனை வருஷமாக ஓட்டுகிறார்கள்? பள்ளிக்கூட நேரத்தில் தென்காசி பஸ்ஸில் தொங்குகிற பிள்ளைகளுக்கு வேண்டியது இன்னொரு பஸ், புதுப் பெயின்ட் இல்லை. நவீனம் என்றால் முதலில் நிற்க இடம் வேண்டும்.

அப்புறம், அக்கா மகன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ கடைசி வருஷம். பூந்தமல்லி பணிமனையில் பயிற்சிக்கு ஆள் எடுத்தால் உடனே போன் பண்ணு, வாட்ஸ்அப்பில் போட்டால் நான் பார்க்கமாட்டேன்.

அன்புடன்,
சங்கரன்
அம்பாசமுத்திரம்