புரட்டாசிச் சனிக்கிழமையில் எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும்

தென்னாப்பிரிக்கா, டர்பன் பகுதிக் கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்களில் ஒரு கமிட்டிக்கு மட்டும் இது கூடுதலாகச் சுடும், எந்தக் கோயில் என்று எழுதப் போவதில்லை. போன வருடம் நம் பையன் ஒருவன் தன் உயிரை முடித்துக்கொண்டபோது "ஹார்ட் அட்டாக்" என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தீர்கள். நம் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒருவரும் நம்பவில்லை, ஆனால் எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான்.

சின்ன வயதில் என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தவன். அப்புறம் வளர்ந்து, அன்னதானம் முடிந்ததும் பிரியாணி அண்டா கழுவ வருவான், முழங்கை வரை கரியோடு. கடைசியாகப் பார்த்த அன்று, எப்போதோ வாங்கிய ஐம்பது ரேண்டைத் திருப்பிக் கொடுத்தான். "இப்ப என்னடா அவசரம்" என்றேன், சிரித்தான். யுனிவர்சிட்டியில் ஃபெயிலாகி வெளியே அனுப்பிவிட்டார்கள் என்பதும், மாதக்கணக்கில் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி மாலில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், இதற்கெல்லாம் ஒரே காரணம் இருப்பதில்லை.

கடனைத் தீர்ப்பது, ஆசையாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பது, ஆளே ஒதுங்கிப் போவது, இவை அறிகுறியாக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேராகக் கேட்டிருப்பேன், "சாகணும்னு தோணுதாடா?" என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலருக்கும் பயம். கிளப்பாது, ஆய்வுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன, கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம்தான் இறங்குகிறது. கேட்டுவிட்டுத் தனியே விடாமல் கூட இருக்க வேண்டும், டாக்டரிடமோ யுனிவர்சிட்டியின் இலவச கவுன்சிலிங்குக்கோ கையோடு அழைத்துப் போக வேண்டும். இன்னொன்று, தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் குற்றமில்லை, போலீஸ் கேஸ் ஆகுமோ என்று யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்க வேண்டாம்.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அடுத்த வாரமே புரட்டாசி பிறக்கிறது, அது முடிகிற கையோடு பிள்ளைகளுக்கு வருடக் கடைசிப் பரீட்சை. விரதம், பூஜை என்று கோயில் நிரம்புகிற மாதம், ஒரு சனிக்கிழமை மைக்கை ஐந்து நிமிடம் கொடுங்கள். ஆங்கிலத்தில்தான் பேசுவேன். தமிழ் டீச்சர் இப்படிச் சொல்கிறாளே என்று சிரிக்காதீர்கள், நம் பிள்ளைகள் அழுவதும் ஆங்கிலத்தில்தான்.

மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் (SADAG) அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், இலவசம். இதை நோட்டீஸ் போர்டில் மட்டுமல்ல, டாய்லெட் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள், அங்கேதான் யாரும் பார்க்காமல் போனில் ஏற்றிக்கொள்ள முடியும்.

அந்தக் குடும்பம் பதினாறாம் நாளுக்கு ஹால் கேட்டபோது புக் ஆகிவிட்டது என்றீர்களாம். அன்று நான் வந்து பார்த்தேன், பூட்டித்தான் கிடந்தது. அவன் அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டுப் போகிறார். நான் பேசும் அன்றைக்காவது அவரை உள்ளே முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள், நான் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தமிழ் டீச்சர்