அது அம்மாவின் தெச்சி இல்லை, அக்கா

அக்கா,

நாளைக்கு அம்மாவின் மூன்றாம் வருடத் திதி. போனில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மலை மந்திர் முருகனுக்கு நம் வீட்டுப் பூவை வைக்கலாம் என்று, நாகர்கோவிலிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்தாயே, இட்லிப்பூ என்று மற்றவர்கள் சொல்லும் அந்தத் தெச்சிக் கம்பு ஒரு டெல்லிக் குளிரைக்கூடத் தாண்டவில்லை. நான் பார்க்காமல் விடவில்லை. தெச்சிக்குப் புளிப்பு மண் வேண்டும். இங்கே குழாயில் வருவதோ அந்தப் புளிப்பை முறிக்கும் கடுந்தண்ணீர். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாக வெளுத்தது. இரும்புச் சத்துக்கு அன்னபேதி உப்பைக் கரைத்து ஊற்றினேன். ஜனவரியில் கருகிவிட்டது. சரி, நடுவில் 10 நாள் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்பதும் உண்மைதான்.

அதே தொட்டியில் நர்சரிச் செடி ஒன்றை வைத்தேன். அதன் பூவைத்தான் கோயிலுக்கும் கொண்டுபோனேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. நீயும்தான்.

அடுத்த தடவை வந்தபோது பால்கனியில் ஒரு பூவைக் கிள்ளி, இதழ் நுனியைக் கட்டைவிரலால் தடவினாய். நம் கிணற்றடித் தெச்சிக்கு 4 இதழும் ஈட்டி போலக் கூர்ந்திருக்கும். இது சீனத்து இனம், நுனி மழுங்கி உருண்டிருக்கும். சின்ன வயதில் செய்வது போல நடு நரம்பை உருவி, அடியில் திரண்ட துளியை நாக்கில் வைத்தாய். "இனிப்பாத்தான் இருக்குடே" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனாய்.

உனக்குத் தெரிந்துவிட்டதுதானே?

என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். போன மாதம் வெள்ளையடித்த வீட்டின் போட்டோவை அனுப்பினாய். கிணற்றடியில் செடி இல்லை, கார் ஷெட். அந்தக் காலத்தில் இதே தெச்சியை வெட்சி என்று சூடிப் போய் ஆநிரை கவர்ந்தார்களாம். நம் வீட்டில் யார் எதைக் கவர்ந்தார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. சித்தப்பா பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல். என் பால்கனியில் அந்தத் துளியை நாக்கில் வைத்தபோது, அங்கே அம்மாவின் செடியை வெட்டியாகிவிட்டதா?

தெச்சி அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சிமென்ட் ஓரத்தில் பார். இருந்தால் பென்சில் கனத்தில் இரண்டு கம்பு வெட்டி வை. இப்போது அனுப்பாதே, இங்கே பனி. மார்ச்சில் நானே வருகிறேன்.