மலாக்கா ஆற்றோரத்து மக்களுக்கு ஒரு நன்றி மடல்

மலாக்கா ஆற்றங்கரையிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் குடியிருக்கும், கடை வைத்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து வந்து காலை முதல் மாலை வரை உங்கள் தெருக்களில் அலைந்த கும்பல் நாங்கள்தான். பள்ளிப் பிள்ளைகளிலிருந்து முட்டிவலித் தாத்தா பாட்டிகள் வரை எல்லா வயதிலும் ஆள் இருந்ததால் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து நன்றி சொல்ல வழியில்லை. உதவியவர்களில் பாதிப் பேர் பெயரைக் கேட்டபோது சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதல் நன்றி, ஒரு காசு வாங்காமல் நாள் முழுக்க எங்களோடு நடந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியைக்கு. டீச்சர், நீங்கள் இல்லாவிட்டால் ஆற்றோரச் சுவர் ஓவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, சென்டோல் குடித்துவிட்டுத் திரும்பியிருப்போம். சிவப்புக் கட்டடங்களுக்கு நேராகப் போகலாம் என்று எல்லாரும் துடித்தபோது, "முதலில் பாலம்" என்று சொல்லி, 'தான் கிம் செங்' பாலத்தில் நிறுத்தினீர்கள். ஆற்றின் ஒரு கரையில் சுல்தானின் அரண்மனை, மறு கரையில் வணிகர்கள்; நடுவில் இருந்த பாலத்தைப் பிடித்தவனுக்குத்தான் ஊர் என்று, 1511இல் அல்புகெர்க்கின் போர்த்துகீசியப் படை அந்தப் பாலத்துக்காக ஏன் அப்படி மோதியது என்று நீங்கள் சொன்ன பிறகுதான், தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் கைப்பேசியை உள்ளே வைத்தார்கள். அன்றைய பாலம் இன்று இல்லை. இப்போதுள்ளது மலாக்காவில் பிறந்த வணிகர் 'தான் கிம் செங்'கின் பெயரைத் தாங்கியது. ஆனால் அந்த இடத்தில் நின்று கேட்பது வேறு.

அப்புறம் ஆற்றோர நடைபாதைக்கு இறங்கியதும் நீங்கள் சொன்ன இன்னொரு விஷயமும் எங்களுக்குள் தங்கிவிட்டது. ஓவியம் வரைந்திருப்பது பெரும்பாலும் வீடுகளின் பின்சுவரில். முன்வாசல் எல்லாம் அந்தப் பக்கத்துத் தெருவில். ஒரு காலத்தில் படகுச் சரக்கு வந்து இறங்கிய பின்கட்டு, பிறகு சாக்கடையும் குப்பையும் சேர்ந்து யாரும் எட்டிப் பார்க்காத இடமாகிப் போனது. ஆற்றைச் சுத்தப்படுத்தி, இரு கரையிலும் நடைபாதை போட்ட பிறகுதான் அந்தச் சுவர்களுக்கு வண்ணம் வந்தது. ஓவியம்தான் ஆற்றைக் காப்பாற்றியது என்று பேசுகிறவர்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அந்தச் சுவர்களில் சில நல்ல ஓவியங்கள், சில வெறும் விளம்பரங்கள். லோரோங் ஹாங் ஜெபாட் சந்தில் ஓவியர் சார்ல்ஸ் சாம் வரைந்த ஓராங் ஊத்தான் சுவர் மாதிரி, ஒரு மனிதரின் கை தெரிகிற சுவருக்கு முன்னால்தான் எங்கள் கூட்டம் தானாக நின்றது.

இனி, சாரத்தின் மேல் நின்று பழைய படகுக்காரன் ஓவியம் ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு. வேலை நேரத்தில் கும்பலாக வந்து கேள்வி கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். நீங்கள் இறங்கி வந்து, சுவரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். முழங்கால் உயரம் வரை சில்லென்று ஈரம். அதற்கு மேல் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. பழைய வீடுகள் செங்கலும் சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டியவை. தரையிலிருந்து ஈரம் மேலே ஏறும், சுண்ணாம்பு வழியாகவே காற்றில் போய்விடும். அதன்மேல் இன்றைய பிளாஸ்டிக் பெயிண்டை அடித்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல், பெயிண்டோடு பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும். அதனால்தான் படகுக்காரனின் கால்கள் இருந்த இடத்தை வண்ணம் பூசாமல் சுண்ணாம்பாகவே விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். "கால் போனாலும் பரவாயில்லை, வீடு நிற்கணும்" என்ற உங்கள் வார்த்தையை எங்கள் குழுவில் இருக்கும் கட்டட மேற்பார்வையாளர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு தீற்று தீட்டட்டும் என்று தூரிகையைக் கொடுத்தீர்களே, அந்த வானத்தின் ஒரு மூலை கொஞ்சம் கோணலாக இருந்தால் அது எங்கள் வீட்டுப் பெண்ணின் கைவரிசை.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருப்பவர்களுக்குத் தனியாக நன்றி. டச்சுக்காரர்கள் தெய்வநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தில், நடை சாத்தும் நேரம் நெருங்கியும் எங்கள் பாட்டிகளுக்காகக் காத்திருந்தார்கள். அங்கே கும்பிட வந்திருந்த மலாக்கா செட்டி அம்மா ஒருவர், நெற்றியில் திருநீறும் வாயில் மலாய் மொழியுமாகப் பிள்ளைகளோடு பேசியபோது எங்கள் வாண்டுகள் திகைத்துப் போனார்கள். தமிழ் வணிகர்கள் இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிய வம்சம் தன்னுடையது, மொழி மாறினாலும் சாமி மாறவில்லை என்று அவர் சொன்னதை, எந்தப் பாடப்புத்தகமும் எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. சில அடி தள்ளி, 1748இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசலில், அரைக்கால் சட்டையோடு வந்த பையன்களைத் திருப்பி அனுப்பாமல் நீள அங்கி கொடுத்து, கூம்பு அடுக்குக் கூரையையும் கோபுரம் போல நிற்கும் பாங்கு மேடையையும் சுற்றிக் காட்டிய பெரியவருக்கும் எங்கள் சலாம்.

வெயில் உச்சிக்கு வந்தபோது தாத்தா ஒருவருக்கு நடை தளர்ந்துவிட்டது. அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையில், உட்கார வைத்தோம். பிளாஸ்டிக் பூவும் பொம்மையுமாக அலங்கரித்த பெச்சாவில் (மிதிரிக்‌ஷாவில்) வந்த சீன அங்கிள், கேட்காமலே வண்டியை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டார். ஏற்றியதோடு விட்டாரா? ஒலிபெருக்கியில் எம்.ஜி.ஆர். பாட்டைத் தேடிப் போட்டார். தளர்ந்த தாத்தா ஆற்றோர மலாய்க் கிராமமான கம்போங் மோர்ட்டன் போய்ச் சேரும்வரை கையசைத்துக்கொண்டே போனார். கூலி வாங்க மறுத்துவிட்டீர்கள் அங்கிள், பரவாயில்லை, தாத்தா உங்களை விடுவதாக இல்லை. அடுத்த தடவை உங்கள் வண்டியில்தான் ஊர் முழுக்கச் சுற்றப் போகிறாராம்.

கம்போங் மோர்ட்டனில் மழை பிடித்துக்கொண்டது. மோர்ட்டன் என்ற பிரிட்டிஷ் நில அதிகாரியின் பெயரைத் தாங்கிய அந்தக் கம்பத்தில் இருப்பவை காட்சிக்கு வைத்த வீடுகள் இல்லை, ஆட்கள் சமைத்துத் துவைத்து வாழும் வீடுகள். வாசலில் நனைந்துகொண்டு நின்ற அத்தனை பேரையும் "நாயெக், நாயெக்" (ஏறுங்கள், ஏறுங்கள்) என்று ஓடு பதித்த படிக்கட்டில் ஏற்றி, துண்டு கொடுத்து, சுடச்சுட கோப்பி கலந்து கொடுத்த மக்சிக்குக்கு (மலாய் அத்தைக்கு) என்ன சொல்வது? தினமும் யாரோ ஒருவர் வேலிக்கு மேல் கேமராவை நீட்டும் வாசலில், முன்பின் தெரியாத எங்களை உள்ளே விட்டீர்கள். அந்தப் பக்கம் போகிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: படம் எடுக்குமுன் கேளுங்கள். கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

திரும்பும் பேருந்து நேரத்துக்கு வரவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம். கடையை மூடும் நேரத்தைத் தள்ளிப்போட்டு, மின்விசிறியைப் போட்டு, பிள்ளைகளுக்கு மீதியிருந்த சோற்றை முட்டையோடு பிரட்டிக் கொடுத்த சாப்பாட்டுக்கடை அக்கா அண்ணன் இருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அன்று எடுத்த படங்களை அச்சடித்து டீச்சரிடம் அனுப்பியிருக்கிறோம். அவரவர் படத்தை அவரே கொண்டுவந்து கொடுப்பார். மக்சிக், மழையில் நீங்கள் கொடுத்து அனுப்பிய நான்கு குடைகளும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றின் கம்பி வளைந்திருந்தது, சரிசெய்துவிட்டோம். பள்ளி விடுமுறையில் நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
கோலாலம்பூர் நடைக்குழுவினர்