கடலுக்குக் குறுக்கு வழி

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். எனக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. சாயங்கால நடையை மட்டும் விடவில்லை.

சென்னைக்கு மூன்றாவது மாஸ்டர் பிளான் போடுகிறார்களே, கடற்கரைக்கு அதில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். ஊர் எப்படி வளர வேண்டும் என்று 2026 முதல் 2046 வரைக்கும் கணக்கு. நாம் அதன் முடிவைப் பார்ப்போமோ என்னவோ! என் கவலை ஒன்றுதான். கடற்கரை, போக்குவரத்து என்று இரண்டையும் சேர்த்துப் பேசினாலே இந்த ஊரில் கடலை ஒட்டி நீளமாக ஒரு சாலை என்றுதான் யோசனை ஓடுகிறது. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே மேம்பாலச் சாலை என்று முன்பு பேசினார்கள். இப்போது அங்கிருந்து நீலாங்கரைக்குக் கடல் பாலம் என்கிறார்கள். காரில் போகிறவருக்குக் கடல் தெரியும். காலை நனைக்க வேண்டுமானால் எங்கே இறங்குவார்?

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கம் கடலோரமாகப் போகிற லூப் ரோட்டையே பார். சாந்தோம் நெரிசலுக்குப் பயந்து வண்டிகள் அங்கே திரும்புகின்றன. நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்கோ அது வீட்டு வாசல். மீன் விற்பதும் வலை பிரிப்பதும் அங்கேதான். 2023-ல் சாலையோர மீன்கடைகள் பற்றி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. கடைகளை அகற்றப் போனதும் மீனவர்கள் மறியலில் உட்கார்ந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புது மீன் அங்காடி திறந்தார்கள். அங்காடி வேண்டியதுதான். ஆனால் குப்பம் முதலில் வந்ததா, சாலை முதலில் வந்ததா? 1985-ல் நாம் கல்லூரியில் இருந்தபோது, மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களை அப்புறப்படுத்தப் போய்த் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது உனக்கும் நினைவிருக்கும். அதற்கப்புறமும் வரைபடத்தில் குப்பத்தைக் காலி மனையாகப் பார்க்கிற கண் மாறவில்லை என்றுதான் தோன்றுகிறது.

எனக்கு வேண்டியது கடலை ஒட்டி ஓடாமல் ஊருக்குள்ளிருந்து நேரே கடலுக்குப் போகிற குறுக்கு வழி. ரயில் நிலையத்திலிருந்தும் பஸ் நிறுத்தத்திலிருந்தும் மணல் வரைக்கும் நிழலோடு ஒரு நடைபாதை. பறக்கும் ரயில் 1995-லேயே சேப்பாக்கம் வந்துவிட்டது. இன்றைக்கும் அங்கே இறங்கிக் குழந்தையோடு கடற்கரைக்கு நடந்து பார், பாதி தூரம் பைக்குகளுக்கு நடுவே. காமராஜர் சாலையைக் கடப்பது தனிப் பாடு. நடக்கிறவர்களுக்காகவும் சைக்கிள்காரர்களுக்காகவும் மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கையே போட்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் இவர்களுக்கு என்றார்கள். எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, போ. இனி பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ ஓடப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் எந்த வழியாக மணலுக்குப் போகும் என்பதைப் புதுத் திட்டம் இப்போதே முடிவு செய்ய வேண்டும். ரயில் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் சேப்பாக்கம் கதைதான்.

உருப்படியாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் மெரினா மணல்மேல் மாற்றுத் திறனாளிகளுக்காக 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் கடல் பக்க முனையைப் பெயர்த்துவிட்டது. ஊரே கேலி செய்தது. நான் சேரவில்லை. உப்புக்காற்றில் மரம் போட்டால் வருஷா வருஷம் பழுது பார்க்கத்தான் வேண்டும். அந்தப் பணத்தையும் சேர்த்து எழுதுவதுதான் திட்டம். பிறகு சரி செய்தார்கள், பெசன்ட் நகரிலும் ஒன்று வந்தது.

அம்மாவைக் கடல் பார்க்க அழைத்து வருவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாக வா, காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். வார நாளில் விடிகாலை என்றால் மரப்பாதையில் நெருக்கடி இருக்காது. அம்மாவின் சக்கர நாற்காலி மடக்குகிற மாதிரியா என்று எழுது. இல்லையென்றால் ஆட்டோவில் ஏறாது, நான் இங்கே ஒரு வேனுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
கோபால்